அடித்தல் திருத்தலுக்கு மதிப்பெண் உண்டா?

‘அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுத வேண்டும்.’ தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன எவரும் இந்தக் கட்டளையைக் கேட்காமல் வளர்ந்திருக்க முடியாது. கட்டுரை ஏட்டின் ஓரத்தில் கோடு, தலைப்புக்கு அடிக்கோடு, முன்னுரை, பொருளுரை, முடிவுரை. நடுவில் ஒரு சொல்லை அடித்துவிட்டால் ஆசிரியரின் முகம் சுருங்கும். கிரயப் பத்திரத்துக்கு அந்தக் கண்டிப்பு நியாயம். சர்வே எண்ணில் ஓர் இலக்கம் மாறினால் பக்கத்து வயல் கைமாறிவிடும். காசோலைக்கும் நியாயம். கட்டுரையைக் காசோலைபோல எழுதச் சொன்னது யார் என்றுதான் தெரியவில்லை.

அந்தப் பழக்கம் கல்லூரிக்கும் கூடவே வந்துவிடுகிறது. மாணவர் ஒருமுறை எழுதுகிறார், தட்டச்சு செய்கிறார், சுருள் கம்பி போட்டுக் கட்டிக் கொடுக்கிறார். ‘திருத்தம்’ என்றால் எழுத்துப்பிழையும் ஒற்றுப்பிழையும் பார்ப்பது என்றே பொருளாகிவிட்டது. எழுதியதை முழுக்கக் கலைத்து, கேள்வியையே மாற்றி, இன்னொரு முறை எழுதுவது என்ற வேலை நம் பாடத்திட்டத்தில் எங்கும் இல்லை. சொந்த வாழ்க்கையிலிருந்து ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, ஆவணங்களையும் மனிதர்களையும் தேடிப்போய் எழுதுகிற ஆய்வுக் கட்டுரை தமிழ் வகுப்பறையில் வேர்பிடிக்காமல் போனதற்கு இது ஒரு பெரிய காரணம். அந்த வகைக் கட்டுரையில் ஆய்வு நடப்பதே பெரும்பாலும் இரண்டாவது வரைவில்தான்.

ஒரு மாணவியைக் கற்பனை செய்துகொள்வோம். சிவகங்கைப் பக்கத்துச் சிற்றூர், இளங்கலை இரண்டாம் ஆண்டு. ‘உங்கள் குடும்பத்தின் இடப்பெயர்வு’ பற்றி எழுதிவரச் சொல்கிறார் பேராசிரியை. மாணவியின் வீட்டில் தலைமுறையாகச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு: கொள்ளுத்தாத்தா பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர். குண்டு விழுந்தது, கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, காடு மலை தாண்டி, ஊர் வந்து சேர்ந்தார். அப்பத்தா இதைச் சொல்லும்போதெல்லாம் குரல் கம்மும். முதல் வரைவு ஒரே இரவில் முடிந்துவிடுகிறது. படிக்கவும் நன்றாக இருக்கிறது. ‘கால்கள் கொப்பளித்தன, கண்கள் பனித்தன’ என்று ஒரு வரி. வகுப்பில் கைதட்டல் நிச்சயம்.

இங்கேயே நிறுத்தியிருந்தால் அது கட்டுரைப் போட்டிக்குரிய கட்டுரை. பேராசிரியை ஓரத்தில் பென்சிலால் ஒரே ஒரு கேள்வி எழுதித் திருப்பிக் கொடுக்கிறார்: ‘எந்த ஆண்டு?’

மாணவி நூலகத்துக்குப் போகிறாள். ரங்கூன்மீது ஜப்பானிய விமானங்கள் முதன்முதலில் குண்டு வீசியது 1941 டிசம்பர் 23. நகரம் ஜப்பானியர் கையில் விழுந்தது 1942 மார்ச்சில். இடைப்பட்ட மாதங்களிலும் அதன் பிறகும் லட்சக்கணக்கான இந்தியர்கள் கிளம்பினார்கள். கப்பலில் இடம் கிடைத்தவர்கள் கப்பலில் வந்தார்கள். மற்றவர்களில் ஒரு பகுதியினர் அரக்கான் வழியாகச் சிட்டகாங் பக்கம் நடந்தார்கள். இன்னொரு பகுதியினர் தமு வழியாக மணிப்பூருக்குள் ஏறி, இம்பால் கடந்து, திமாப்பூரில் ரயில் பிடித்தார்கள். காலராவிலும் மலேரியாவிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் எத்தனை பேர் என்பதற்கு இன்றுவரை ஒத்துக்கொண்ட கணக்கு இல்லை.

ஆக, கொள்ளுத்தாத்தா ‘ரங்கூனிலிருந்து சிவகங்கைக்கு’ நடக்கவில்லை. மணிப்பூர் மலைவரை நடந்திருக்க வேண்டும், பிறகு ரயில். கதை இதனால் சிறுத்துவிடவில்லை. ‘நடந்தே வந்தார்’ என்ற இரண்டு சொல்லுக்குள் இப்போது ஒரு மலைப்பாதையும் ஒரு ரயிலடியும் ஏறியிருக்கின்றன. மாணவி மகிழ்ச்சியோடு இரண்டாவது வரைவை எழுதுகிறாள். எழுதும்போது ஒரு கணக்கு இடிக்கிறது. அப்பத்தாவின் ஆதாரில் பிறந்த ஆண்டு 1952. பிறந்த ஊர் எது என்று கேட்டால் தயங்காமல் ரங்கூன் என்கிறாள். 1942இல் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து வந்தவரின் மகள், பத்து வருடம் கழித்து அதே ரங்கூனில் எப்படிப் பிறந்தாள்?

அப்போதுதான் குடும்பக் கதையின் தையல் தெரிகிறது. அது இரண்டு பயணங்களை ஒட்டுப்போட்டுச் செய்த ஒரே கதை. போர் முடிந்ததும் பலர் பர்மாவுக்குத் திரும்பிப் போனார்கள்; கொள்ளுத்தாத்தாவும் போயிருக்கிறார். 1962இல் நே வின் ராணுவ ஆட்சியைக் கொண்டுவந்தார். 1964இல் கடைகள் நாட்டுடைமையாயின, பெரிய நோட்டுகள் செல்லாமல் போயின. இந்தியர்கள் மறுபடியும் கிளம்பினார்கள், இம்முறை பெரும்பாலும் கப்பலில், சென்னைத் துறைமுகத்துக்கு. கொண்டுவர அனுமதித்த பணமும் நகையும் சொற்பம். அவர்களுக்காக எழுந்த பர்மா காலனிகள் இன்றும் தமிழ்நாட்டின் பல ஊர்களில் இருக்கின்றன. சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்தை ஒட்டிய பர்மா பஜாரும் அந்த வரவின் மிச்சம். அப்பத்தா பன்னிரண்டு வயதில் வந்தது அந்தக் கப்பலில். ‘நாங்க பர்மாவுலருந்து வந்தப்ப’ என்று அவள் சொன்னது ஒரு பயணம். பேத்தி கேட்டுக்கொண்டது இன்னொரு பயணம்.

ஒருமுறை அத்தனையையும் இழந்தவர் ஏன் திரும்பிப் போனார்? முதல் வரைவில் இந்தக் கேள்வி இல்லை, இருந்திருக்கவும் முடியாது. அது பிறந்தது இரண்டாவது வரைவின் நடுப்பக்கத்தில், ஒரு கூட்டல் கழித்தல் சரிவராததால். கட்டுரையே இனிமேல்தான் ஆரம்பம். கொப்பளித்த கால்கள் பற்றிய வரி மட்டும் போக வேண்டியிருக்கும். அதை அடிக்க மாணவிக்கு மனசே வராது. அடித்தாக வேண்டும்.

இப்படிப்பட்ட எழுத்துக்கு உலக அளவில் பேர்போன முன்மாதிரி ஒன்று இருக்கிறது. வர்ஜீனியா உல்ஃப் 1928 அக்டோபரில் கேம்பிரிட்ஜின் இரண்டு மகளிர் கல்லூரிகளில், நியூன்ஹாமிலும் கர்ட்டனிலும், பெண்களும் புனைகதையும் என்ற பொருளில் பேசினார். அடுத்த மார்ச்சில் அதே தலைப்பில் ஒரு பத்திரிகைக் கட்டுரை வந்தது. 1929 அக்டோபரில் ‘தனக்கென்று ஓர் அறை’ என்று தமிழில் சொல்லத்தக்க புத்தகமாக அது வெளியானது. பேச்சு, கட்டுரை, நூல் என்று ஏறக்குறைய ஒரு வருடத்தில் மூன்று பிறவி. அதன் கையெழுத்துப் படி கேம்பிரிட்ஜின் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1992இல் அச்சிலும் வந்துவிட்டதால், எந்த எண்ணம் எப்போது நுழைந்தது என்று இன்று யாரும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அந்தப் புத்தகத்தில் ஒரு காட்சி. கதைசொல்லி பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் வாசிப்பு அறைக்குப் போகிறாள். பெண்கள் ஏன் ஏழைகள் என்பது கேள்வி. பட்டியலைப் புரட்டினால் பெண்களைப் பற்றி ஆண்கள் எழுதிய நூல்கள் மலைபோல் குவிந்து கிடக்கின்றன, ஒன்றுக்கொன்று முரணாக. பக்கத்து நாற்காலிக்காரர் ஒழுங்காகக் குறிப்பெடுத்துத் தள்ளுகிறார். இவளுடைய நோட்டிலோ கிறுக்கல். முடிவுரை எழுத வேண்டிய இடத்தில், கோபத்தில் முகம் சிவந்த ஒரு பேராசிரியரின் படத்தை வரைந்து வைத்திருக்கிறாள். நம் ஊர் ஆய்வேடாக இருந்தால் அந்தக் காலைப்பொழுது ‘தரவு சேகரிப்பில் ஏற்பட்ட இடர்ப்பாடுகள்’ என்ற ஒரு வரியில் அடங்கிப் போயிருக்கும். உல்ஃப் அந்தக் கிறுக்கலைத் தூக்கி எறியவில்லை. படம் ஏன் கோபமாக வந்தது என்று கேட்டார். இத்தனை அதிகாரம் உள்ளவர்கள் பெண்களைப் பற்றி எழுதும்போது ஏன் கோபப்படுகிறார்கள் என்ற அடுத்த கேள்வி அங்கிருந்துதான் வந்தது.

தமிழுக்கு இது புதிதா என்றால், இல்லவே இல்லை. உ.வே.சாமிநாதையரைப் பதிப்பாசிரியராகவே நினைத்துப் பழகிவிட்டோம். அவருடைய சிறு கட்டுரைகளை எடுத்துப் பார்த்தால், சொந்த ஆய்வனுபவத்தைக் கட்டுரையாக்கும் கலையில் அவருக்கு இணை சொல்லச் சிலரே தேறுவார்கள். ‘இடையன் எறிந்த மரம்’ என்றொரு கட்டுரை. சீவக சிந்தாமணியில் வரும் ஓர் உவமை அவருக்குப் பிடிபடவில்லை. ஏடுகளைப் புரட்டியும் துலங்கவில்லை. கடைசியில் விடை கிடைத்தது பண்டிதரிடத்தில் இல்லை, ‘இடையன் வெட்டு அறாவெட்டு’ என்ற பேச்சுவழக்குப் பழமொழியில். ஆடு மேய்ப்பவர் கிளையை முழுக்கத் துண்டிக்க மாட்டார். தழை ஆட்டுக்கு எட்டும்படி சாய்கிற அளவுக்கு மட்டும் வெட்டுவார். கிளையும் பட்டுப்போகாது. இந்த ஒரு செய்தியை அடிக்குறிப்பில் இரண்டு வரியாகப் போட்டிருக்கலாம். தாம் விழித்த விழிப்பையும் சேர்த்து எழுதியதால்தான் அது இன்றும் படிக்கப்படுகிறது.

அவருடைய தன்வரலாறான ‘என் சரித்திர’த்தின் புகழ்பெற்ற காட்சியும் அப்படித்தான். 1880 அக்டோபர் 21, வியாழக்கிழமை. கும்பகோணத்தில் முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார் இளம் ஆசிரியர். தாம் படித்த அந்தாதிகளையும் கலம்பகங்களையும் பிள்ளைத்தமிழ்களையும் அடுக்குகிறார். முதலியார் அசையவில்லை. பழைய நூல்களைப் படித்ததுண்டா, சிந்தாமணி தெரியுமா என்று கேட்கிறார். தெரியாது. தமிழ்ப் பதிப்பு வரலாற்றைத் திசைதிருப்பிய சந்திப்பு அது; ஏழு ஆண்டில், 1887இல், சிந்தாமணி அச்சில் வந்தது. அந்தச் சந்திப்புக்கு அறுபது ஆண்டு கழித்து, எண்பத்தைந்தாம் வயதில், 1940இல் ஆனந்த விகடனில் தொடராக எழுதத் தொடங்கியவர் அந்தச் சிறு அவமானத்தை மறைக்கவில்லை. கிழமை வரைக்கும் சொல்கிறார் பாருங்கள். நினைவை மட்டும் நம்பியவர் அல்ல அவர். தமக்கு வந்த கடிதங்களைக் கட்டுக்கட்டாகக் காத்து வைத்திருந்தவர்.

வெளியிட்டதோடு கைகழுவியவரும் இல்லை. சிந்தாமணியின் இரண்டாம் பதிப்பு 1907, மூன்றாம் பதிப்பு 1922. முதல் பதிப்புக்கும் இரண்டாவதற்கும் நடுவில் இருபது வருடம். அதற்குள் பத்துப்பாட்டும் சிலப்பதிகாரமும் புறநானூறும் மணிமேகலையும் அவர் கையாலேயே அச்சேறியிருந்தன. சிந்தாமணிக்கான நச்சினார்க்கினியர் உரையில் பெயர் சொல்லாமல் மேற்கோள் காட்டப்பட்ட வரிகள் எந்த நூலைச் சேர்ந்தவை என்று 1887இல் தெரியாதது, 1907இல் தெரியும். திருத்தம் என்பது அவருக்குப் பிழைதிருத்தம் அளவில் நின்றுவிடவில்லை. இடையில் படித்ததெல்லாம் பழைய பக்கத்துக்குத் திரும்பி வந்து சேருகிற வழி அது.

திருத்தினால் எல்லாம் மேம்படும் என்று சத்தியம் செய்யவும் முடியாது. சார்லஸ் டார்வின் 1842இல் பென்சிலால் 35 பக்கத்தில் தம் கொள்கையை வரைந்தார். 1844இல் அது 230 பக்கக் கட்டுரையாக வளர்ந்தது. தாம் இறந்துபோனால் அதை வெளியிடும்படி மனைவிக்குக் கடிதம் எழுதி வைத்துவிட்டு, மேலும் பதினைந்து ஆண்டு சான்று சேர்த்தார். ‘உயிரினங்களின் தோற்றம்’ 1859 நவம்பரில் வந்தது. அதுவரை எல்லாம் சரி. அப்புறம் 1872க்குள் ஆறு பதிப்புகள். எதிர்ப்பாளர் ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லப்போய் நூல் கனத்துக்கொண்டே போனது. ஆறாம் பதிப்பில் மறுப்புகளுக்கென்றே ஒரு தனி அத்தியாயம். 1860இன் இரண்டாம் பதிப்பில் கடைசி வாக்கியத்துக்குள் படைத்தவனையும் கொண்டுவந்து சேர்த்தார். பொதுக்கருத்துக்கு வளைந்துபோனதற்காக வருந்துவதாக மூன்றாண்டு கழித்து நண்பர் ஹூக்கருக்கு எழுதினார். இன்று முதல் பதிப்பையே தேடிப் படிக்கிறவர்கள் அநேகம்.

பிரெஞ்சு எழுத்தாளர் மொந்தேய்ன் இன்னொரு வகை. கட்டுரை என்ற வடிவத்துக்கு ‘முயற்சி’ என்று பொருள்படும் பெயரை 1580இல் வைத்தவர். எழுதியதை அடிப்பதைவிடச் சேர்ப்பதே அவருக்குப் பிடிக்கும். 1588 பதிப்பின் ஓரங்களில் சாகும்வரை எழுதிக்கொண்டே இருந்தார். அந்தப் பிரதி போர்தோவில் இருக்கிறது. அவருடைய நூலின் நவீனப் பதிப்புகளில் எந்த வரி எந்தக் காலத்தது என்று ஏ, பி, சி எழுத்துகளால் குறித்திருப்பார்கள். நாற்பது வயதுக்காரரும் ஐம்பத்தைந்து வயதுக்காரரும் ஒரே பத்தியில் எதிரெதிரே உட்கார்ந்து பேசுவார்கள்.

யாருக்காகத் திருத்துகிறோம் என்பதுதான் இதிலெல்லாம் முடிச்சு. சான்று சொல்வதைக் கேட்டுத் திருத்தலாம். எதிராளி முகம் சுளிப்பதைப் பார்த்தும் திருத்தலாம். இப்போது நம் பல்கலைக்கழகங்களில் மூன்றாவதாக ஒருவருக்காகத் திருத்துகிறார்கள்: மென்பொருள்.

பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் கருத்துத் திருட்டைத் தடுக்க விதிமுறைகள் கொண்டுவந்தது. ஒப்புமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை. 10 முதல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 40 முதல் 60 வரை என்றால் ஓராண்டு ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை; அடுத்தவர் பக்கங்களை அப்படியே பெயர்த்து வைத்தவர்கள் இருக்கத்தான் செய்தார்கள். ஆனால் விளைவு வேடிக்கையானது. ‘எனக்குப் பதினெட்டு வந்துருக்கு, எட்டுக்குக் கொண்டுவரணும்’ என்று சர்க்கரை அளவு பேசுவதுபோல் ஆய்வு மாணவர்கள் பேசுகிறார்கள். ‘காரணம்’ என்பதை ‘ஏது’ என்று மாற்றுகிறார்கள், செய்வினையைச் செயப்பாட்டு வினையாக்குகிறார்கள். அதுவும் திருத்தம் என்றே அழைக்கப்படுகிறது. எண் இறங்குகிறது, கட்டுரை அசைவதில்லை.

ஆய்வேட்டு நடைக்கு இன்னொரு நோயும் உண்டு. ‘நான்’ வரக்கூடாது. ‘ஆய்வாளர் கருதுகிறார்’, ‘இவ்வியலின்வழி அறியலாகிறது’ என்று எழுதுகிறவர் ஆள்மாறாட்டம் செய்தாக வேண்டும். (இந்தக் கட்டுரையும் ‘நான்’ என்று சொல்லாமல்தான் எழுதப்படுகிறது; நாளிதழ் மரபு என்று தப்பித்துக்கொள்ளலாம்.) மறுபக்கம், ‘நான்’ தாராளமாகப் புழங்கும் அனுபவக் கட்டுரைகளில் சான்று என்ற ஒன்று எட்டிப்பார்ப்பதில்லை. இரண்டையும் ஒரே பந்தியில் உட்காரவைக்கும் எழுத்துக்குத்தான் இடம் வேண்டும். அப்பத்தாவின் குரலும் எழும்பூர் ஆவணக் காப்பகத்தின் கோப்பும் ஒன்றையொன்று விசாரிக்கிற எழுத்து.

இதற்குப் புதிதாகச் சட்டம் எதுவும் தேவையில்லை. பல கல்லூரிகளில் அகமதிப்பீட்டுக்கு 25 மதிப்பெண் இருக்கிறது, அதில் ஒப்படைவும் ஒரு பகுதி. அந்த ஒப்படைவைச் சுத்தப்பிரதியாக மட்டும் வாங்காமல், முதல் வரைவையும் இரண்டாவதையும் அடித்தல் திருத்தலோடு சேர்த்துத் தைத்துக் கொடுக்கச் சொல்லலாம். மேலே ஒரு பக்கம்: எதை நீக்கினேன், ஏன், முதலில் நம்பிய எது தவறாகப் போனது, இன்னும் எது தெரியவில்லை. மதிப்பெண்ணில் பாதி அந்த ஒரு பக்கத்துக்கு.

அறுபது பேர் வகுப்பில் மூன்று வரைவு என்றால் நூற்றெண்பது தாள், யார் திருத்துவது என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். கேள்வி நியாயமானது, ஏற்கெனவே பதிவேடுகளை நிரப்புவதிலேயே பாதி நாள் போகிறது. மூன்றையும் வரிவரியாகப் படிக்க வேண்டாம். அந்த முகப்புப் பக்கத்தைப் படித்து, அது சொல்லும் இடங்களை மட்டும் புரட்டினால் போதும். உண்மையாக உழைத்த தாள் எது என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அதில்கூட ஏமாற்றலாமா? ஏமாற்றலாம். செயற்கை நுண்ணறிவிடம் மூன்று போலி வரைவு கேட்டால் மூன்றும் கொடுக்கும், செயற்கையான அடித்தல்களோடு. ஆனால் மாணவர் சொல்லாதவரைக்கும் அப்பத்தா 1952இல் எங்கே பிறந்தாள் என்று அதற்குத் தெரிய வழியில்லை. அதைத் தெரிந்துகொள்ள யாராவது ஒருவர் திண்ணையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாக வேண்டும்.

நம் மாணவி மூன்றாவது வரைவில் ஒரு முடிவெடுக்கிறாள். கண்டுபிடித்த வரிசையிலேயே சொல்லலாமா, நடந்த வரிசையில் சொல்லலாமா என்று குழம்பி, கடைசியில் பிறந்த ஆண்டில் தொடங்குகிறாள். 1942இன் மலைப்பாதை நாலாவது பத்திக்குப் போகிறது. கப்பல் கடைசிக்கு முந்தைய பக்கத்தில் கரைசேர்கிறது. நடுவில், கொள்ளுத்தாத்தா எந்த வருடம், யாரிடம் கடன் வாங்கி, என்ன சொல்லிவிட்டு மறுபடி ரங்கூனுக்குக் கப்பலேறினார் என்ற இடத்தில் ஒன்றரைப் பக்கம் காலியாகக் கிடக்கிறது. தொலைபேசியில் கேட்டாள்.

“அதெல்லாம் இப்ப எதுக்குடி ஆத்தா” என்றாள் அப்பத்தா. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “நேர்ல வா, சொல்றேன்” என்றாள். ஒப்படைவைக் கொடுக்க இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. சனிக்கிழமை காலைப் பேருந்தில் மாணவி கிளம்புகிறாள், பையில் பென்சில் கீறல் விழுந்த பழைய தாளோடு.